வெயிட்டிங் லிஸ்ட்டில் முதல் ஆள்

ரயிலில் போவது எனக்குப் புதிதில்லை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அட்டையைத் தட்டினால் கதவு திறக்கும். ஏற வேண்டியது, இறங்க வேண்டியது, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவர் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு ஒரு சாதாரண டிக்கெட் எடுக்கக் கிளம்பினேன்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பாரம், அதாவது படிவம், எதையாவது நிரப்பச் சொன்னால் மகனைக் கூப்பிடுவேன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன், பிறகு இன்னொரு தடவை வந்து பார்ப்பேன். விமானத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் பெல்ட் போட்டிருக்கிறாளா என்று அவளுக்கும் சேர்த்துக் கவலைப்பட்டவள்.

இப்படிப்பட்டவள் தனியாகக் கிளம்பியதற்குக் காரணம் முருகேசன். நான் காய்கறி நறுக்குகிற சாப்பாட்டுக் கடையில் அவர் தேநீர் ஆற்றுகிறார். சொந்த ஊர் அறந்தாங்கி. மகளுக்குக் காது குத்து வைத்திருந்தார்கள், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கோ தமிழ்நாட்டுக் கோயில்களை ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று ஆசை. அவர் ஒரு பெட்டியைக் கட்டி என்னிடம் கொடுத்தார். மகளுக்குக் கம்மல், மைலோ டின்கள், ஒரு கம்பளி. நானும் வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

முருகேசன் மனைவி செல்வி திருச்சிக்கே வந்து என்னை அழைத்துப் போனாள். காது குத்து நன்றாக நடந்தது. பிள்ளை கத்திய கத்தலில் ஆசாரியைவிட எனக்குத்தான் அதிகம் வியர்த்தது. சோறு, கறிக்குழம்பு, மறுபடியும் சோறு என்று என்னைப் போட்டு நிறைத்தார்கள். காலையில் நான் "பசியாறியாச்சா?" என்று கேட்டால் அந்தத் தெருப் பெண்கள் சிரிப்பார்கள். சாப்பிட்டாச்சா என்பதைத்தான் நாங்கள் அப்படிக் கேட்போம். இரண்டு நாளில் அவர்களும் என்னை அப்படியே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

திரும்பும் விமானம் சென்னையிலிருந்து. தூரப் பயணம் பஸ்ஸில் போனால் வாந்தி வரும். இரவு ரயிலில் மேல் படுக்கை கிடைத்தால் தூக்கத்தில் விழுந்துவிடுவேன் என்று பயம். ஆகவே பகலில் போகிற ரயில். செல்வி தன் போனில் டிக்கெட் போட்டுப் பார்த்தாள். பணம் கட்டுகிற இடத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. பணம் போய்விட்டது, போய்விட்டது என்று நான் புலம்பிய புலம்பலில் அவளுக்கே பயம் வந்துவிட்டது. "வேணாம்க்கா, புதுக்கோட்டை கவுன்டருக்கே நேர்ல போயிருவோம்" என்றாள்.

மறுநாள் புதுக்கோட்டை ஸ்டேஷனில் முன்பதிவு கவுன்டர் திறக்கும் முன்னே போய்ச் சேர்ந்தோம். அங்கே வரிசையில் ஆட்கள் இல்லை, செருப்புகள் நின்றன. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர் பாட்டில், இன்னொரு ஜோடி செருப்பு. சொந்தக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போய் அந்தச் செருப்புகளுக்குப் பின்னால் மரியாதையாக நின்றேன்.

எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண், தன் நீலச் செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என் வயதை ஒட்டியவர், வெயிலில் கறுத்த முகம், கையில் ஒயர் கூடை.

"யக்கா, செருப்பப் போட்டுட்டு இங்கிட்டு வந்து ஒக்காருங்க. அது ஒங்களுக்காக நிக்கும்."

என்னிடம் இருந்ததோ ஒரே ஜோடி. அதுவும் காணாமல் போனால் வெறுங்காலோடு விமானம் ஏறவா? நான் அசையவில்லை. ஆனால் கவுன்டர் திறக்கும் நேரத்தில், பாஸ்போர்ட்டுக்கு நகல் கேட்பார்களோ என்று கவலை பிடித்துக்கொண்டது. செல்வியையும் இழுத்துக்கொண்டு நகல் கடைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது செருப்புகள் எல்லாம் ஆட்களாகிவிட்டிருந்தன. எனக்கென்று நிற்க அங்கே எதுவும் இல்லை.

பின்னால் நின்றவர்கள் வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னார்கள். அந்த நீலச் செருப்புக்காரர்தான் சண்டை போட்டார். "அவுக எனக்கு முன்னாடி வந்தவுக. வெளிநாட்டுலருந்து வந்துருக்காக, தெரியாமப் போயிட்டாக. நில்லுங்கக்கா, எம் பின்னாடி நில்லுங்க." என் கையைப் பிடித்துத் தன் முதுகுப் பக்கம் நிறுத்திக்கொண்டார். நகலை யாரும் கேட்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

கவுன்டரில் இருந்தவர் என் பாஸ்போர்ட்டைப் பொறுமையாகப் பார்த்தார். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று தனியாக இடம் ஒதுக்குவார்கள் என்று என் மகன் சொல்லி அனுப்பியிருந்தான். அதைக் கேட்டேன். இந்த வண்டிக்கு அது இல்லை, சென்னையில் விசாரிக்க வேண்டும் என்றார். சென்னைக்குப் போகத்தான் ஐயா டிக்கெட் கேட்கிறேன் என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் மலேசிய போன் எண் அந்தப் பாரத்துக் கட்டங்களுக்குள் அடங்கவில்லை, செல்வியின் எண்ணை எழுதினோம். சீட்டு வந்தது. வெயிட்டிங் லிஸ்ட் ஒன்று.

அதாவது, கடைசி இடம் எனக்கு முன்னால் நின்றவருக்குப் போய்விட்டது. டி-ஏழு பெட்டி, முப்பத்தொன்று, ஜன்னல் ஓரம். அவர் தன் டிக்கெட்டைக் காட்டினார், நான் என்னுடையதைக் காட்டினேன். எனக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்கூட இல்லை, ஆனால் இடமும் இல்லை. இடம் கிடைக்காமல் அந்தப் பெட்டியில் ஏறக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

"இதுக்கா மொகம் இப்பிடிப் போகுது?" என்றார் அவர். "யாராச்சும் ரத்து பண்ணுவாகக்கா. இல்லன்னா கூட்டத்தப் பாத்து ஒரு பொட்டியச் சேத்துக்கூட விடுவாக. எல்லாரும் ஏறிப் போவாக."

பெயர் பஞ்சவர்ணம். ஊர் ஜெகதாப்பட்டினம், கணவர் விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவர். தேநீர் குடித்துக்கொண்டே மகளைப் பற்றிச் சொன்னார். கீதாவுக்குத் தாம்பரத்தில் வீடு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டியவள். பயணம் கூடாது என்று டாக்டர் படுக்க வைத்துவிட்டதால் அங்கேயே பிள்ளை பிறந்துவிட்டது. மாமியார் இல்லாத வீடு. பால் போதவில்லை, பிள்ளை அழுது அழுது நீலம் பாரிக்கிறான். டப்பாப் பால் கொடுக்கிறார்கள். தான் போய் நாலு வேளை பால்சுறாவை ஆக்கிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது எங்கள் பக்கமும் உண்டு. அதனால் நானும் நம்பினேன். செல்வியின் எண்ணை வாங்கிக்கொண்டு, ரயிலில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அறந்தாங்கியில் இருந்த நாள்கள் முழுக்க எனக்கு வேலை ஒன்றுதான். செல்வியின் போனைப் பார்ப்பது. காலையில் வெயிட்டிங் லிஸ்ட் ஒன்று. சாப்பிட்டு முடித்தால் வெயிட்டிங் லிஸ்ட் ஒன்று. துணி காயப்போட்டுவிட்டு வந்தாலும் அதேதான். "பால் பொங்குதான்னு பாக்குற மாதிரியே பாக்குறீங்களேக்கா" என்றாள் செல்வி. தெருவில் தண்ணீர் பிடிக்கிற பெண்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பசியாறியாச்சா என்று கேட்டு முடித்ததும், டிக்கெட் வந்திருச்சா என்பார்கள்.

தெருமுனையில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். போகவர அவரிடம் சொல்லிவைத்தேன். யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ரத்து செய்தால் போதும், உனக்குத் தேங்காய் உடைக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், செல்வி சோற்றுக் கரண்டியோடு ஓடி வந்தாள். கன்பார்ம். நான் கை கழுவியதும் முதல் வேலையாகத் தேங்காய் வாங்கிப் போய் உடைத்தேன். நன்றாகச் சிதறியது. தெருப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்ல சகுனம் என்று ஒருத்தி சொன்னாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியை அடுக்கிக்கொண்டிருக்கையில் பஞ்சவர்ணம் போன் செய்தார்.

"ஒங்களுக்கு எடம் கெடச்சிருச்சாக்கா?"

கிடைத்துவிட்டது, நாளைக்குச் சேர்ந்தே போகலாம் என்றேன் சந்தோஷமாக.

"நான் ரத்து பண்ணிட்டேன்க்கா. எங்க போட்டு கரைக்கு வரல. எல்லையில புடிச்சுட்டாகன்னு கூடப் போன போட்டுக்காரவுக சொல்றாக. நாளைக்கு எல்லாரும் சேந்து கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் குடுக்கப் போறோம். நான் இல்லாம எப்பிடி?" பிறகுதான் கேட்டார். "மீன மட்டும் கொண்டுபோயிக் குடுத்துருவீகளா?"

செல்விதான் போனை வாங்கி ஏதோ பேசி வைத்தாள்.

எனக்குப் பயம் ஒன்றா, இரண்டா? அடுத்தவர் பெட்டியைக் கையில் வாங்காதே என்று எங்கள் விமான நிலையத்தில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நான் வெளிநாட்டு பாஸ்போர்ட்டை வைத்திருப்பவள். படகைப் பிடித்திருக்கிறார்கள் என்கிறார், அந்த வீட்டுப் பெட்டி என்னிடம் இருந்தால் என்னையும் பிடித்து வைத்துவிட்டால்? ஐஸ் உருகி அடுத்தவர் காலில் ஓடினால்? மீன் கெட்டு, அதைத் தின்று அந்தப் பிள்ளை பெற்றவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எல்லாவற்றையும் ஒப்பித்தேன். செல்வி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு குடுத்த பொட்டிய நீங்க தூக்கிக்கிட்டு வரலையாக்கா? நான் அதத் தொறந்து கம்பளிய மொகத்துல வச்சுப் பாத்தேன். அவரு பீடி வாசம் அடிச்சுச்சு."

சரி, நாளைக்கு மீனைக் கொண்டுவரச் சொல் என்றேன்.

காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் புதுக்கோட்டை போனோம். பஞ்சவர்ணம் எங்களுக்கு முன்பே வந்து நடைமேடையில் உட்கார்ந்திருந்தார், மடியில் தெர்மாகோல் பெட்டி. அழுது வீங்கிய முகம். ஆனால் என்னைப் பார்த்ததும் முதலில் செய்த காரியம் பெட்டியைத் திறந்து காட்டியதுதான். உடைத்த ஐஸுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னச் சுறாக்கள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார், அடியில் கையை விட்டுத் துழாவியும் காட்டினார்.

"பாத்துக்கங்கக்கா. மீனுதான். வேற ஒண்ணுமில்ல." என் பயத்தை யார் சொன்னார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். செல்வி ரயில் வருகிறதா என்று பார்ப்பது போல நின்றாள்.

பிறகு பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "கீதாகிட்ட அவுக அப்பாவப் பத்தி மூச்சு விட்டுறாதீக. மருமகனுக்குத் தெரியும், அதுக்குத் தெரியாது. கவலப்பட்டா இருக்குற பாலும் வத்திரும்."

கவலையை முகத்தில் காட்டாமல் இருக்க வேண்டும். அதுவும் நான்.

ரயில் வந்தது. பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என் டிக்கெட்டுக்கு ஒதுக்கிய எண்ணைச் செல்வி போனில் பார்த்துச் சொன்னாள். டி-ஏழு, முப்பத்தொன்று. பஞ்சவர்ணம் அந்த இருக்கைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார்.

"அட, இது எனக்குப் போட்ட சீட்டுல்ல."

எனக்குத் தேங்காய் சிதறிய சத்தம் காதில் கேட்டது. உட்கார மனம் வரவில்லை. அவர் என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். "நல்லதாப் போச்சு. வேற யாருக்காச்சும் கெடச்சிருந்தா நான் மீன யாருகிட்டக் குடுப்பேன்?" பெட்டியை என் காலுக்கடியில் தள்ளிவிட்டு, வண்டி நகரும் முன் இறங்கிக்கொண்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கலெக்டர் ஆபீஸுக்கு வருகிற மற்றப் பெண்களுக்காகக் காத்துக்கொண்டு, செல்விக்குப் பக்கத்தில் நின்றார்.

வண்டி கிளம்பியதும் ஆளாளுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எங்கள் ஊர் ரயிலில் சாப்பிட்டால் அபராதம் போடுவார்கள். இங்கே சாப்பிடாமல் இருப்பதுதான் குற்றம். எதிரில் இருந்த அம்மாள் எனக்கு இரண்டு இட்லியை இலையோடு வைத்துவிட்டார். டிக்கெட் பரிசோதகர் வந்தார். நான் பாஸ்போர்ட், டிக்கெட், நகல் எல்லாவற்றையும் நீட்டி எழுந்து நின்றேன். அவர் பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்தார். மலேசியாவா, நல்லாத் தமிழ் பேசுறீங்களே என்றார். பெட்டியைப் பற்றி அவர் கேட்காததால் நானே சொன்னேன். நடக்கிற பாதையில் வைக்காதீர்கள் என்பதோடு போய்விட்டார்.

திருச்சி தாண்டி வெயில் ஏறியதும், நான் பயந்தது நடந்தது. பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் கசிந்து, எதிரே சட்டையை உள்ளே விட்டு மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தவர் ஷூவைத் தொட்டது. அவர் மூக்கைச் சுளித்தார்.

"யாருங்க இங்க மீன் கொண்டாந்தது?"

பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்பது போல எழுந்தேன். நான்தான் ஐயா, பால்சுறா, பிள்ளை பெத்த பொண்ணுக்கு என்றேன்.

அவ்வளவுதான். அந்த ரயில் பெட்டியே மாறிவிட்டது. தலைச்சம்பிள்ளையா, ஆணா பெண்ணா, பிறந்து எத்தனை நாள் என்று முன்னாலும் பின்னாலும் இருந்து கேள்விகள். பூண்டு நிறையப் போடச் சொன்னார் ஒருவர், மிளகாயே கூடாது என்றார் இன்னொருவர். இட்லி கொடுத்த அம்மாள், சைவம்தான் அவர், முருங்கைக்கீரையையும் மறக்க வேண்டாம் என்றார். குளிர்பானம் விற்றுக்கொண்டு வந்தவர் தன் வாளியிலிருந்து ஐஸை அள்ளிப் பெட்டியில் கொட்டினார். காசு வாங்க மாட்டேன் என்றார். ஷூக்காரர் காலை நகர்த்திக்கொண்டார். தான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தார். அது நனைந்ததும் மிச்சப் பேப்பரையும் வைத்தார்.

தாம்பரத்தில் மருமகன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ரயில் பெட்டி வாசலில் நின்றிருந்தார். என் டிக்கெட் எழும்பூர் வரைக்கும். ஆனாலும் இறங்கிவிட்டேன். மீனை எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டதற்கு, "வீடியோ பாத்துச் செஞ்சுக்கிறேன் பெரியம்மா" என்றார் அவர். சுறாத் தோல் மணல்தாள் மாதிரி. வெந்நீரில் போட்டு உரிக்கத் தெரியாதவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு நான் எப்படி விமானம் ஏறுவது? விமானம் மறுநாள்தான். ஆட்டோ பிடித்து அவர் பின்னாலேயே போனேன்.

ஒற்றை அறையும் ஒரு சமையல்கட்டும். கீதா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், அம்மாவின் அதே நெற்றி. குழந்தை மார்பில் முட்டிவிட்டு, கிடைக்காமல் வீறிட்டான். நான் நேரே அடுப்படிக்குப் போய்விட்டேன். முகத்தை மறைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுப் புரட்டி எடுத்தேன். தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.

ஒரு வாய் தின்றுவிட்டுக் கீதா நிமிர்ந்தாள். "அம்மா ஏன் பெரியம்மா வரல? டிக்கெட்டு எடுத்துட்டேன்னுச்சே."

மருமகன் சுவரைப் பார்த்தார். என் முகம் என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறது என்று தெரிந்தது. கையில் இருந்த ஒரே விஷயத்தைச் சொன்னேன்.

"எடுத்தாங்கம்மா. ஆனா கன்பார்ம் ஆகல. வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆளு அவங்கதான்."

"மொத ஆளா?" தட்டில் விரலால் கோடு போட்டாள். "யாராச்சும் ஒருத்தர் ரத்து பண்ணிருந்தாப் போதும். அம்மா வந்திருக்கும்ல?"

ஆமாம்மா என்றேன். சாப்பிடு, ஆறிப்போகும் என்றேன்.

முழுத்தட்டையும் தின்றாள். மாலையிலும் தின்றாள். நான் கிளம்பும்போது பிள்ளை குடித்துக்கொண்டிருந்தான். பால் ஊறிவிட்டதா, அழுது களைத்து வாய் மட்டும் அசைகிறதா, எனக்குத் தெரியாது. மிச்ச மீனை எப்படி ஆக்குவது என்று மருமகனுக்குக் காட்டிக் கொடுத்தேன். பால் ஊறியதா இல்லையா என்று வழியெல்லாம் அதே யோசனைதான்.

கிள்ளானுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்துச் செல்வியின் குரல்பதிவு வந்தது. ஆட்களை விட்டுவிட்டார்களாம், படகு வரவில்லையாம். பஞ்சவர்ணத்தின் கணவர் இளைத்துப்போய் வந்து சேர்ந்திருக்கிறார். கீதாவிடம் அவரே போனில் பேசினாராம், பிள்ளை இப்போது ராத்திரி தூங்குகிறானாம். பஞ்சவர்ணம் மறுபடியும் சென்னைக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார். அதே பகல் ரயில். இந்தத் தடவை அவர்தான் வெயிட்டிங் லிஸ்ட், முன்னால் நாலு பேர்.

கடைக்குப் போகும் முன் சாமி படத்துக்கு விளக்கேற்றினேன். வாய் பழக்கத்தில் அந்தப் பழைய வேண்டுதலையே தொடங்கியது. சட்டென்று நிறுத்திக்கொண்டேன். பிள்ளையாரே, யாரும் ரத்து செய்ய வேண்டாம். எல்லாரும் போகட்டும், அவரவர் வீட்டுக்கு. நீ அந்த ரயிலில் ஒரு பெட்டியைச் சேர்த்துவிடு.